அனுஷாவுக்கான ஜெபங்கள்

உட்காருங்கள், ஐயா. சபைப் போதகர் வீடு தேடி வந்திருக்கும்போது கடுஞ்சாயா கொடுத்து அனுப்பினால் நன்றாகவா இருக்கும்? பால் ஊற்றியே தருகிறேன். அனுஷாவின் கல்யாணம் நின்றுபோனதைக் கேட்கத்தானே வந்தீர்கள்? மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை.

இந்தக் கரமனையில் அவளும் நானும் ஒரே காம்பவுண்டு. அவள் அம்மா இறந்த பிறகு அவளுக்குச் சடை பின்னியதும் சோறு ஊட்டியதும் நான்தான். அப்பன் தங்கபாண்டி விடியுமுன் கொத்தனார் வேலைக்குப் போய்விடுவார். அயலாரிடம் அன்பாயிருங்கள் என்று நீங்கள் பிரசங்கிக்கிறீர்களே, நாங்கள் அதைத் தினமும் செய்துகொண்டிருந்தோம். கிழக்கேகோட்டைத் துணிக்கடைக்குக் கிளம்பும் முன் எனக்கு இன்சுலின் ஊசி போடுவாள், மீன் கழுவித் தருவாள். "மாமிக்கு என்னக் கண்டாத்தான் சுகர் இறங்கும், இல்லியா?" என்று கிண்டல் வேறு. சிரித்துச் சிரித்தே என் காலைகள் ஓடின.

முதலில் வந்த வரன் விஜய்குமார். துபாயில் வேலை, கட்டியதும் கூட்டிப்போய்விடுவான். அவன் பெரியம்மா நம் வெள்ளிக்கிழமைப் பெண்கள் கூட்டத்துக்கு வருகிறவள். அன்று ஜெபம் என் முறை. சின்ன வயதில் காய்ச்சலில் அனுஷாவுக்கு வந்த வலிப்பு இனி ஒருநாளும் வரக்கூடாது என்று கண்ணீரோடு கேட்டேன். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். பெரியம்மா கொஞ்சம் உரக்கவே சொன்னாள். அந்த வாரமே பேச்சு முறிந்தது.

அடுத்தவன் பிரவின்ராஜ், பெங்களூருவில் லேப் டெக்னீஷியன். ஒரு மழைநாளில் கடையில் கூட வேலை பார்த்த ரதீஷ் அவளைப் பைக்கில் கொண்டுவந்து விட்டிருந்தான். பிரவின்ராஜின் சித்தியும் வந்திருந்த கூட்டத்தில், அந்தச் சிநேகத்திலிருந்து பிள்ளையை விடுவித்ததற்காக ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். அந்தப் பேச்சும் அதோடு நின்றது. இதில் பொய் எங்கே இருக்கிறது? ரதீஷ் அப்புறம் கடையை விட்டே போய்விட்டான். நான் புறம் பேசுகிறவள் அல்ல, ஐயா. யாரைப் பற்றியும் கண்ணைத் திறந்துகொண்டு ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பிறகு ஜெயகுமார். கோயம்புத்தூர்க்காரன். அவளுக்கு அவனை ரொம்பவே பிடித்துவிட்டது. ஊசி போடும்போதுகூடப் போனைப் பார்த்துச் சிரிப்பாள். நீங்கள் கோயிலில் ஓலை வாசித்துக் கல்யாணத்தை அறிவிக்கவிருந்த சமயம், வந்து என் கையைப் பிடித்தாள்.

"மாமி, எனக்கு ஒரு உதவி செய்யணும். எனக்காவ மட்டும் ஜெபிக்கண்டாம், கேட்டீங்களா."

வளர்த்த பிள்ளை கேட்கிற உதவியா இது? நெஞ்சு வலித்தது. ஆனாலும் சரி என்றேன், சொன்ன சொல்லையும் காப்பாற்றினேன். போன வெள்ளிக்கிழமை அவளுக்காக ஜெபிக்கவே இல்லை. மாப்பிள்ளைக்காகத்தான் ஜெபித்தேன். பின்னால் என்ன தெரியவந்தாலும் தாங்கிக்கொள்ளும் பெலனை அந்தப் பையனுக்குத் தாரும் என்று கேட்டேன். கல்யாண வேலையாய் ஊரிலிருந்து வந்து கூட்டத்தில் உட்கார்ந்திருந்த அவன் அம்மா ஆமென் சொல்லாமலே எழுந்து போனாள்.

ஆமாம் ஐயா, எல்லாவற்றையும் நான்தான் நிறுத்தினேன். எங்கோ தூரத்தில் முன்பின் தெரியாதவர்களிடம் அவளை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. இப்போது கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறாள். என் முகத்தில் விழிக்கவே மாட்டாளாம். ஊசியை நானே போட்டுக்கொள்கிறேன், அதொன்றும் கஷ்டமில்லை.

சாயா ஆறுகிறது, குடியுங்கள். நீங்கள் கிளம்பியதும் சோறு எடுத்துக்கொண்டு போய் அவள் கதவைத் தட்டுவேன். பாவம், இந்த உலகத்தில் அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?