இருபத்தாறு பேர் படகு

மெல்லப் பேசுங்கள். இந்த வீட்டு முக்தாவின் அக்கா ஷிரின் சுவருக்கு அந்தப் பக்கம்தான் படுத்திருக்கிறாள். இது அவள் புருஷன் ஹெலாலுக்கு நடந்தது. வேறெங்கோ இல்லை... நம் ஊர் பாட்டியாரியில்தான்.

இரவு ஒன்றரை மணி. கடற்கரை மேட்டுச் சாலை. ஒரு பக்கம் சேறு, ஒரு பக்கம் புதர், விளக்கே கிடையாது. கப்பல் உடைக்கிற இடத்தில் வேலை முடிந்து ஹெலால் தனியாக நடந்து வருகிறான். சட்டையெல்லாம் எரிந்த இரும்பு நாற்றம். கையில் ஒரு சாவி. அது அவன் கூட்டாளி தோஃபாயலின் படகுச் சாவி.

அந்தப் படகை உங்களுக்குத் தெரியும். ஏதோ கப்பலில் தொங்கிக்கொண்டிருந்த ஆரஞ்சு நிற உயிர்காப்புப் படகு. உடைத்த கப்பல் சாமான் விற்கிற நெடுஞ்சாலைக் கடையில் அதை முதலில் பார்த்தவன் ஹெலால். “இதுல டீக்கடை போட்டா அள்ளும்டா” என்று முதலில் சொன்னவனும் அவனே. ஆனால் ஒரே வாரத்தில் வாங்கிப்போட்டவன் தோஃபாயல். செங்கல் அடுக்கி அதன் மேல் படகை நிறுத்தினான். ஜன்னல் வெட்டினான். முன்பக்கம் திரை போட்டு மனைவி ரெஹானாவோடு குடியும் வந்துவிட்டான். வெளியே எழுதியிருந்த ‘26 பேர்’ என்பதை அழிக்கவில்லை. உள்ளே இருந்த இருபத்தாறு இருக்கைகளையும் பெல்ட்டோடு அப்படியே விட்டான். பிள்ளைகள் பெல்ட் போட்டுக்கொண்டு டீ குடிக்கவே வந்தார்கள்.

ஹெலால் இன்னும் தகடு சுமந்துகொண்டிருந்தான்.

“என்ன ஹெலால், இன்னிக்கும் ஓசி டீதானா?” என்று யாராவது சீண்டுவார்கள்.

“விடுங்க பாய், யோசனை அவனுது. படகுதான் என்னுது” என்று தோஃபாயல் சிரிப்பான். எல்லோரும் சிரிப்பார்கள். ஹெலாலும் சிரிப்பான்... வயிறு எரியும்.

ரெஹானாவுக்குப் பிரசவம். அவளைக் கூட்டிக்கொண்டு சந்த்வீப் தீவுக்குப் போகும்போது தோஃபாயல் சொன்னான்: “ராத்திரி இங்கயே படுத்துக்கடா. கதவ சாத்தறப்ப மட்டும் ‘நெறஞ்சிருச்சு’ன்னு சத்தமா கத்திடு.”

“யாருக்குடா கத்தறது? கொசுவுக்கா?”

“எங்க ஊர்த் தொறையில கடைசிப் படகு அப்படித்தான் கத்திட்டுக் கெளம்பும். கத்தலன்னா தண்ணியில போனவங்களும் ஏறிக்குவாங்க.”

“இது டீக்கடைடா.”

“தரையில நின்னாலும் படகு படகுதான்டா.”

அன்று இரவு அந்தச் சாவியோடு படகுக்கு வந்து சேர்ந்த ஹெலால் கத்தவில்லை. கதவின் இரும்புச் சக்கரத்தைச் சுற்றி மூடிவிட்டுப் படுத்தான். ரெஹானாவின் பூப்போட்ட திரை. வரிசையாக பிஸ்கட் ஜாடிகள். ‘எல்லாம் என்னுதா இருக்க வேண்டியது’ என்று புரண்டான்.

டொக்... டொக்... டொக்.

கதவில் இல்லை. படகின் அடியில். செங்கலுக்கு நடுவிலிருந்து.

ஈரக் கயிறும் பழைய டீசலும் கலந்த நாற்றம் ஏறியது. வெகுதூரம் சேற்றில் நடந்து வந்தவன் போல ஒரு குரல்...

“எடம் இருக்கா?”

நிரம்பிவிட்டது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். கண் அந்தத் திரைமேல் விழுந்தது. வரட்டுமே. தோஃபாயல் இனி ஒரு ராத்திரிகூட இங்கே தூங்கக்கூடாது.

“இருக்கு... ஏறிக்க.”

சக்கரம் தானாகச் சுற்றியது. கதவு திறந்தது. யாருமில்லை. சப்... சப்... சப்... ஈரக் கால் கடைசி இருக்கை வரை போனது. பெல்ட்டை இழுக்கிற சத்தம். ஸ்ர்ர்ர்... டக்.

ஹெலால் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினான்.

தோஃபாயல் பெண் குழந்தையோடு திரும்பி வந்ததும் கேட்டான்: “கத்தினியாடா?”

குழந்தை ஹெலாலின் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

“கத்தினேன்” என்றான்.

தினமும் சாயங்காலம் போய் நின்று பார்த்தான். படகில் எதுவுமே நடக்கவில்லை. கூட்டம் இரட்டிப்பானது. தோஃபாயலுக்கு நல்ல தூக்கம். அதைப் பார்த்துப் பார்த்து ஹெலாலுக்குச் சோறு இறங்கவில்லை.

நடந்ததெல்லாம் இவன் வீட்டில்தான்.

ஒன்றரை மணிக்கு ஷிரின் விழித்துப் பார்த்தால், கட்டிலில் நெட்டுக்குத்தாக உட்கார்ந்தபடி தூங்குகிறான். தரைக்கு அடியில் டொக்... டொக்... டொக். தூக்கத்திலேயே, வாடிக்கையாளரை வரவேற்கிற குரலில், “இருக்கு... ஏறிக்க” என்கிறான். பிறகு இருட்டில் எங்கோ... டக். அந்த வீட்டில் பெல்ட்டே கிடையாது. விடிந்து பார்த்தால் தரை ஈரம். அவன் மார்பில் குறுக்கே இரண்டு பட்டைத் தழும்பு. தொட்டால் விரலெல்லாம் உப்பு.

ஒவ்வொரு ராத்திரியும் இதேதான். ஷிரின் குடைந்து கேட்ட பிறகுதான் படகில் நடந்ததை அவளிடம் சொன்னான்.

“‘நெறஞ்சிருச்சு’ன்னு ஒரு தடவ கத்துங்களேன்!” என்று பகலில் அவள் அழுதாள்.

அவன் நன்றாக விழித்திருந்தான். “அவன் கடைக்கு மட்டும் அத்தன பேர் வர்றாங்க. எனக்கு வந்தா ஆகாதாடி?” என்றான்.

படகில் ஏறியதையும் சேர்த்து ஷிரின் எண்ணிக்கொண்டே வந்தாள். நேற்றோடு இருபத்தைந்து.

இன்று சாயங்காலம் ஒரு பையோடு இங்கே வந்துவிட்டாள். அவன் தடுக்கவில்லையாம். வாசல்வரை வந்து, சிரித்த முகமாகச் சொன்னானாம்...

“போயிட்டு வா. ஒண்ணுதான் பாக்கி இருக்கு. உன் எடத்த நான் யாருக்கும் குடுக்கல.”