தேறக் கூடாது என்று ஒரு வேண்டுதல்

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அதனால் ரயிலில் ஆங்கிலப் புத்தகத்தை விரித்துத்தான் உட்காருவேன். கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் வரும் வண்டியில், எதிரே இருந்த இரண்டு பெண்களில் இளையவள் சொன்னதைக் கேட்டதும் என் வாசிப்பு நின்றுவிட்டது.

“என் மவன் படிப்புல தேறவே கூடாதுன்னு மாரியம்மன்கிட்ட வேண்டிக்கிட்டு வரேன்க்கா.”

“அடிப்பாவி! பெத்தவ வேண்டுறதாடி இது?”

“வாத்தியார் தினம் வீட்டுக்கு வந்து அவனுக்கு இங்கிலீசு, கணக்கு, பூகோளம் எல்லாம் சொல்லிக் குடுக்கிறாரு. அவன் கொட்டாவி விடுறான். அடுப்படிக் கதவுக்குப் பின்னால நின்னு நான்தான் கத்துக்கிட்டேன்.”

“வீட்டுக்காரருக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா கதவைச் சாத்திடுவாரு. சிலேட்டுல குடுத்த கணக்கைப் போடாமலே பையன் தூங்கிடுவான். ஆசையில நானே போட்டு வச்சேன். எல்லாம் சரியா இருக்கவும், பையன் தேறிட்டான், இந்த மாசத்தோட வாத்தியாரை நிறுத்திடலாம்னு வீட்டுக்காரரு சொல்லிட்டாரு.”

மூத்தவள் சிரித்தாள். இளையவள் சிரிக்கவில்லை.

“பூகோளத்துல லண்டனுக்குப் போற கப்பல் இப்பத்தான் கொழும்புக்கே வந்திருக்குக்கா. பாதியில விட்டா எப்படி?”

வண்டி பத்து தீகா நிலையத்தைத் தாண்டியது.

“அதுக்கு என்ன பண்ணப்போற?”

“நேத்து எல்லாக் கணக்கையும் தப்புத் தப்பா போட்டு வச்சுட்டேன்.”

“ஐயோ, வாத்தியார்கிட்ட புள்ள அடி வாங்குவானேடி!”

“அவனே போட்டிருந்தா மட்டும் வாங்காமலா இருப்பான்?”