மாமனார் வண்டியின் பிக்கப்

வண்டியைச் சரிபார்க்கிறவனுக்குக் கைத்திறனைவிடப் பொறுமைதான் முக்கியம். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகவே உண்டு. என் மனைவியைக் கேட்டால் அதற்கு வேறு பெயர் சொல்வாள், அதை விடுங்கள்.

நான் மெக்கானிக் இல்லை. ஃபேன், மிக்சி, தண்ணீர் மோட்டார் என்று மாமனார் வீட்டில் எது மக்கர் பண்ணினாலும் என்னைக் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். "பெரிய மாப்பிள்ளை வந்தா போதும்" என்பார் மாமனார். என்னைப் பார்த்து அப்படிச் சொன்ன ஒரே மனிதர் அவர். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரருக்கே என் பெயர் சரியாகத் தெரியாது. அந்த ஒரு வார்த்தையை நான் எப்படிப் பொத்திப் பொத்திப் பாதுகாத்திருப்பேன் என்று யோசித்துப் பாருங்கள். அதிலும் மைத்துனியைக் கட்டிக்கொண்டு ஒரு சகலை வந்து சேர்ந்த பிறகு. கலகலப்பான ஆள், வாய் ஓயாது. வந்த கொஞ்ச நாளிலேயே மாமனாரின் காரை எடுத்துக்கொண்டு மாமியாரைக் கடைக்கும் கண் ஆஸ்பத்திரிக்கும் அழைத்துப்போகிற அளவுக்கு ஒட்டிக்கொண்டார்.

அந்தக் காருக்குத்தான் பிக்கப் குறைந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் உடனே கிளம்பாது, சற்று யோசித்துவிட்டுத்தான் நகரும். ஒர்க்‌ஷாப்பில் விடலாம் என்றார் சகலை. மாமனார் என்னைப் பார்த்தார். நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டேன்.

குறையை நான் சரியாகவே கண்டுபிடித்தேன். அதை யாரும் மறுக்க முடியாது. எஞ்சினுக்குள் காற்றை அளந்து விடுகிற மூடியில் கரி அப்பியிருந்தது. அதற்குக் காற்று கொண்டுபோகிற ரப்பர்க் குழாயைக் கழற்றி வைத்துவிட்டு, ஸ்ப்ரே அடித்து, பழைய பிரஷ்ஷால் தேய்த்து மூடியைப் பளிச்சென்று ஆக்கினேன். தூசி புகுந்துவிடக் கூடாதே என்று குழாயின் வாயில், என் வீட்டிலிருந்து கொண்டுபோன இரண்டு மஞ்சள் துணிகளில் ஒன்றைத் திணித்திருந்தேன். அக்கறை இருக்கிறவன்தான் அப்படிச் செய்வான். மாமியார் டீ கொண்டுவந்தார், பேச்சு வளர்ந்தது, பேசிக்கொண்டே குழாயைப் பழையபடி மாட்டிவிட்டேன். துணி உள்ளேயே தங்கிவிட்டது.

வண்டி முன்பைவிட மோசமாயிற்று. சளி கட்டியவர் மாடி ஏறுவதுபோல மூச்சு வாங்கியது. பெட்ரோலில் கலப்படம் என்றேன். மாமனார் அதை நம்பி பங்க் மேனேஜரிடம் சண்டைக்குப் போய், நாலு பேர் முன்னால் மூக்குடைபட்டுத் திரும்பினார். பிறகு, சகலைக்கு ஓட்டத் தெரியவில்லை, கிளட்ச்சிலேயே காலை வைத்துக்கொண்டு ஓட்டுகிறார் என்றேன். மாமனார் அவரிடமிருந்து சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். சகலையின் முகம் சுண்டிப்போயிற்று. எனக்கே பாவமாகத்தான் இருந்தது.

என் வீட்டுத் துணிக்கொடியைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. மஞ்சள் துணியின் ஜோடி மட்டும் தனியாகக் காய்ந்துகொண்டிருந்தது. உடனே ஓடிப்போய் எடுத்திருக்கலாமே என்பீர்கள். எடுத்தால் வண்டி ஓடும். ஓடினால் கலப்படம் என்ன ஆவது, கிளட்ச் என்ன ஆவது? பங்க்கில் தலைகுனிந்து வந்த பெரிய மனிதருக்கு நான் என்ன பதில் சொல்வது? ஆகவே அந்தக் குழாயில் மாட்டுகிற ஒரு சென்சாருக்கு ஆர்டர் கொடுத்தேன். அதை மாட்டுகிற சாக்கில் துணியை உருவிவிட்டால் யார் மனமும் நோகாது. சென்சார்தான் போயிருக்கிறது, வந்ததும் மாட்டிவிடலாம் என்று மாமனாரிடமும் சொல்லிவைத்தேன். அவருக்குப் பரம திருப்தி.

சென்சார் வருவதற்குள் அவருக்கு நெஞ்சு வலி வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம், எல்லாரும் அங்கேதான் இருந்தோம். ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம், நம் காரிலேயே போய்விடலாம் என்று சொன்னது சகலை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நான் ஓட்டினேன், பக்கத்தில் அவர் உட்கார்ந்தார். பின்னால் என் மனைவியின் மடியில் மாமனார் தலைவைத்துப் படுத்திருந்தார். மேம்பாலம் ஏறும்போது வண்டி திணறித் திணறி நடுவிலேயே நின்றுவிட்டது.

இறங்கி பானட்டைத் திறந்தேன். குழாய் கண்ணுக்கு நேரே இருந்தது. ஒரு ஸ்க்ரூவைத் தளர்த்தி, விரலை விட்டு உருவ வேண்டியதுதான் பாக்கி. ஆனால் சகலை என் தோளை உரசிக்கொண்டு நின்றிருந்தார்.

"அண்ணே, அந்தக் குழாயைக் கழட்டிப் பாத்துடலாமா?"

"அதுல ஒண்ணும் இல்ல. நான்தானே சுத்தம் பண்ணேன். சூடு ஆறட்டும், இருங்க."

அந்தத் துணி சகலையின் கைக்குப் போவதையும், அவர் அதை மாமனாரிடம் காட்டுவதையும் நினைத்துப் பார்த்தேன். நெஞ்சு வலியோடு இருக்கிறவருக்கு அப்படி ஒரு அதிர்ச்சி ஆகாது. அவர் உடம்பை நினைத்துத்தான் நான் அதைத் தவிர்த்தேன். சூடு ஆறட்டும் என்று சொல்லிவிட்டதால் சற்று நேரம் நிற்கவும் வேண்டியிருந்தது. உள்ளே மாமனார் மகளிடம் திக்கித் திக்கிப் பேசியது காதில் விழுந்தது.

"பயப்படாதம்மா. மாப்பிள்ளை பாத்துக்குவாரு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பானட்டை மூடினேன்.

மறுபடி ஸ்டார்ட் பண்ணி, ஊர்ந்து ஊர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள். தான் அவசரப்பட்டதால்தான் இப்படி ஆயிற்று, ஆம்புலன்ஸுக்கே காத்திருந்திருக்கலாம் என்று சகலை சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். நான்தான் முதுகைத் தடவிக்கொடுத்து, "விடுங்க, வேணும்னே பண்ணீங்களா என்ன?" என்று தேற்றினேன். இன்றுவரை அவர் அந்த வீட்டில் வாயைத் திறந்து சிரித்ததில்லை. நானும் அந்தப் பேச்சை எடுத்து அவரை நோகடித்ததில்லை.

அடுத்த வாரம் சென்சார் வந்தது. துணியை உருவி எறிந்துவிட்டு அதை மாட்டினேன். மாமியார் கார் சாவியைக் கொண்டுவந்து, அவர் உங்களைத்தான் நம்பினார், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அழுதபடி நீட்டினார். மறுக்க மனம் வரவில்லை. இப்போது காலை வைத்தாலே வண்டி பறக்கிறது. நான் சொன்னதுபோல சென்சார்தான் கோளாறு என்று குடும்பமே ஒப்புக்கொண்டுவிட்டது. ஒருமுறை மிதித்துப் பார்த்துச் சந்தோஷப்பட மாமனாருக்குக் கொடுத்துவைக்கவில்லையே என்பதுதான் எனக்குள்ள ஒரே வருத்தம்.