மங்கலாக்கிய முகம்

உங்கள் ஸ்டேஷன் டீயில் இஞ்சி கொஞ்சம் தூக்கல், சுந்தரராமன் சார். பரவாயில்லை, செம்பூரில் எங்கள் ஸ்டுடியோ டீக்கு இது எவ்வளவோ தேவலை.

உங்கள் கம்ப்யூட்டர் நிபுணரின் அறிக்கையைப் படித்தேன். சிரிப்புதான் வந்தது. ஒரு மென்பொருளில் எடிட் செய்த படத்தை, நிறம் சரிசெய்ய வேறொன்றுக்கு மாற்றும்போது வெட்டுகள் மட்டும் ஒழுங்காகப் போய்ச் சேருமாம். யார் முகத்தையாவது மங்கலாக்கியிருந்தால் அந்த மங்கல் உதிர்ந்துவிடுமாம். அதை மறுபடி கையால் போடவேண்டுமாம். எடிட்டர் வைத்தீஸ்வரன், அதாவது நான், மறந்துவிட்டேனாம்; கவனக்குறைவு என்று முடித்திருக்கிறார். பாவம், இணையத்தில் தேடிப் படித்திருப்பார்.

படம் மானசாவுடையது. மாட்டுங்காப் பெண். தாராவியைப் படமெடுத்தால் வெளிநாட்டு விழாவுக்குப் போகலாம் என்று யாரோ ஏற்றிவிட்டிருக்கிறார்கள். அங்கே லேபர் கேம்ப் பக்கம் ஒரு பட்டறை எரிந்ததல்லவா, தீ வைத்தவன் பேட்டை ரவுடி பூலோகம் என்று சொல்ல, அங்கே குடியிருந்த இசக்கி ஒருத்திக்குத்தான் துணிச்சல் இருந்தது. முகம் தெரியக்கூடாது என்று சொல்லித்தான் பேசினாள். குரலுக்கும் வேறொருத்தியைப் பேசவைத்தோம்.

ஸ்டுடியோவுக்கே வந்து பார்த்தாள்.

"ஏ தம்பி, எம் மூஞ்சி யாருக்கும் தெரியாதுல்லா? ரெண்டு பொட்டப்பிள்ளைய வச்சிருக்கேன், கேட்டியா."

"தெரியாதும்மா. நான் பாத்துக்கறேன்."

திரையில் தன் முகம் இருந்த இடத்தை எண்ணெய் விரலால் தடவிப் பார்த்தாள். துடைக்கிற வேலை எனக்கு.

மானசாவுக்கு இதெல்லாம் ஒரு வேலையாகவே படாது. "ஒரு சாஃப்ட்வேர்லேர்ந்து இன்னொண்ணுக்கு அனுப்பறதுதானே, வைத்தி? பட்டனை அமுக்கினா ஆச்சு." ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாளாம். இவளுக்குக் கூடம் இருப்பதே தெரியாது.

முழுப் படத்தையும் வெட்டிச் சேர்த்தவன் நான். பெயர்ப் பட்டியலில் 'படத்தொகுப்பு: மானசா' என்று இருந்தது. என் பெயர் கடைசியில், நன்றி சொல்லுமிடத்தில், சமோசா கொடுத்த கடைக்குக் கீழே. வயிறு எரிந்தது, சார். மறைப்பானேன்?

கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு ஹாலில் திரையிட்டார்கள். இசக்கியின் முகம் சுவரளவுக்குத் தெரிந்தது. பூலோகத்தின் ஆட்கள் பின்வரிசையில் இருந்தார்களாம். மானசா எல்லார் முன்னாலும் விக்கி விக்கி அழுதாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

இசக்கி தேவ்நார் கால்வாயில் பிணமாகக் கிடந்ததை நீங்கள் சொல்லித்தான் தெரியும். அந்தப் பிள்ளைகளை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. அதற்காக, பூலோகம் செய்ததற்கெல்லாம் நானா பொறுப்பு? எனக்கும் அவளுக்கும் ஒரு பகையும் கிடையாது.

வீட்டுக்கே போயிருப்பேன். உங்கள் ஹவல்தார் மாரிக்கண்ணன் தோளைத் தட்டி, "விடுங்கண்ணே, ஆனைக்கும் அடி சறுக்கும்" என்றார். அதுதான் பொறுக்கவில்லை.

எனக்கு எங்கே சறுக்கியது? மங்கல் உதிரும் என்று எனக்குத் தெரியாதா? புது மென்பொருளில் ஒவ்வொரு ஷாட்டிலும் மறுபடி போட்டேன். அவள் தலை திரும்பினால் அதுவும் கூடவே திரும்பும். மானசா பார்த்துத் தலையாட்டினாள். அதற்குப் பிறகுதான் பெயர்ப் பட்டியலை அனுப்பினாள். படித்தேன். பிறகு இசக்கி வருகிற ஷாட் ஒவ்வொன்றிலும் போய் மங்கலை நானே எடுத்தேன். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

எங்கே கையெழுத்துப் போடணும், சார்? அந்தக் 'கவனக்குறைவு' என்கிற சொல்லை மட்டும் முதலில் அடித்துவிடுங்கள்.