பருப்பு வெந்த கிணறு

ஆம்பூர் கடைத்தெருவில் துவரம்பருப்பு எப்போதுமே நன்றாக இருக்கும், தாசில்தார் ஐயா. அதைக் குறை சொல்ல முடியாது.

எங்கள் பக்கத்தில் புதுக் கிணறு வெட்டினால், பெண்கள் முதலில் அந்தத் தண்ணீரில் பருப்பு வேகவைத்துப் பார்ப்பார்கள். குழைந்தால் நல்ல தண்ணீர். கல்லாய்க் கிடந்தால் வெட்டியவன் ஊரைவிட்டு ஓட வேண்டியதுதான். டாக்டர் சொன்னால்கூட நம்பமாட்டார்கள், பருப்பு சொன்னால் நம்புவார்கள்.

போன வருஷம், ஐம்பத்தாறில், தோல் பதனிடும் ஷாப் ஆட்களின் குடியிருப்புக்கு ஒரு கிணறு வெட்டச் சொன்னார் முதலாளி. மேஸ்திரி நான் என்பதால் இடம் பார்ப்பது என் பொறுப்பு. நல்ல ஊற்று வடக்கு மேட்டில்தான் இருந்தது. ஆனால் அங்கே நான் தென்னங்கன்று வைத்திருந்தேன். குடத்தோடு வருகிற கூட்டம் கன்றுகளை மிதித்துவிட்டால் என்ன செய்வது? எனக்கு ஒரே கவலை. அதனால் பழைய குப்பைமேட்டின் ஓரத்தில் வெட்டினேன். ஷாப்பின் சுண்ணாம்புச் சேறு, முடி, சவ்வு, ஊறிப்போன பட்டை எல்லாம் முப்பது வருஷமாகக் கொட்டி மூடிய இடம். மண் அல்வா மாதிரி இருந்தது. வெட்டியவர்களுக்கும் சிரமமில்லை.

சோதனைக்குப் பருப்பு நானே கொடுத்தேன். முந்தின நாளே அதை ஆப்பசோடாத் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்திருந்தேன். ஒரு கொதியில் குழைந்துவிட்டது.

ஷாப்பில் வேலை செய்யும் வேலுவின் பெண்சாதி வள்ளியம்மாள் மட்டும், இடுப்பில் குழந்தையோடு, ஒரு வாய் குடித்துவிட்டு முகம் சுளித்தாள்.

"இன்னா மேஸ்திரி, தண்ணி கரிக்குதே?"

"உப்பு செலவு கம்மி ஆவும்மா. பருப்பே சொல்லிடுச்சி, அப்புறம் இன்னா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டுக் குடத்தை நிரப்பிக்கொண்டாள்.

ஆடி மாசம் அந்தக் குழந்தை வயிற்றுப்போக்கில் போய்விட்டது. வேலூர் ஆஸ்பத்திரி வரைக்கும்கூடத் தாங்கவில்லை. "காய்ச்சித்தானே குடுத்தேன்" என்று வள்ளியம்மாள் அழுதுகொண்டே இருந்தாள். உண்மைதான், அவள் சுத்தக்காரி. பிறகு அதே தெருவில் இன்னும் இரண்டு. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. மூன்றுக்கும் நானே முன்னால் நின்று காரியம் பார்த்தேன்.

தண்ணீர் கெட்டது என்று முன்பே தெரியுமா என்று கேட்கிறீர்கள். கிணறு ஊறிய மறுநாள் கடைசிக் கன்றுக்கு அதிலிருந்து நாலு குடம் ஊற்றினேன். ஒரே வாரத்தில் குருத்துவரை கருகிவிட்டது. அதற்கப்புறம்தான் சோடா வாங்கினேன். தென்னைக்கு அந்தத் தண்ணீர் விடுவதையும் அன்றோடு நிறுத்திவிட்டேன். ஒரு உயிர் கண்ணெதிரே வாடுவதைப் பார்க்க எனக்கு மனசு தாங்காது, ஐயா.