என் கசெற்றில் அழுகை இல்லை

கலியாண வீடியோ எடுப்பவனுக்குப் பெரிய தலையிடி பொம்பிளையின் பெரியம்மாதான். தாலி கட்டுகிற நேரம் பார்த்து, கூறைச்சேலையை இழுத்துவிடுகிறேன் என்று வந்து, தன் அகன்ற முதுகைக் கமராவுக்குத் தந்துவிடுவார். ரொறன்ரோவில் பத்து வருடமாக இந்த முதுகுகளோடுதான் என் சீவியம். எல்லா முதுகையும் வெட்டியிருக்கிறேன். வெட்டின இடத்தில் ரோசாப்பூக் கொட்டும், புல்லாங்குழல் வரும், பார்க்கிற சனம் சொக்கிப்போகும். சிவபாதத்தின் கசெற்றில் யாரும் அழுவதில்லை என்று ஸ்காபரோ முழுக்கப் பேச்சு. மொழிபெயர்க்க வந்த மயூரித் தங்கச்சி, இதையும் பொலிஸ்காரருக்குச் சொல்லிவிடும். பாவம், மனிசன் மூஞ்சையை உம்மென்று வைத்திருக்கிறார்.

சரி, கௌசியின் கதைக்கு வருகிறேன்.

தொண்ணூற்றாறில் அருள்நாயகம் அண்ணை ஒஷாவாவுக்கு வடக்கே ஒரு பழைய பண்ணையில், வழிமாறின பிள்ளைகளைத் திருத்துகிற விடுதிப் பள்ளி தொடங்கினார். முதல் வருடம் பெற்றோர் போகவும் கூடாது, போனில் கதைக்கவும் கூடாது. மாதம் ஒரு கசெற் மட்டும் வீட்டுக்குப் போகும். அதை எடுக்க என்னைப் பிடித்தார். "பிள்ளையள் நடிப்பினம், சிவபாதம். அழுது காட்டினாத் தாய் தேப்பன் இளகிப்போவினம். அழுகை ஒண்டும் வீட்டை போகக் கூடாது" என்றார். இதை எனக்குச் சொல்லியா தரவேண்டும்.

ஜூனில் கௌசியைக் கொண்டுவந்து விட்டார்கள். பதினாறு வயது. பள்ளிக்கூடத்துக்குக் கள்ளமடித்தாள், சிகரெட் பிடித்தாள், அவ்வளவுதான் குற்றம். தாய் பாலேஸ்வரி அக்கா மல்வேர்னில் இருந்தார், ஹோட்டலில் அறை துப்புரவாக்குகிற வேலை. முதல் கசெற்றைக் கொடுக்கப் போனபோது தேத்தண்ணி தந்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, அவள் 'வாங்கோ அம்மா' எண்டு ஒருக்காச் சொன்னாக் காணும். வேலையும் மண்ணாங்கட்டியும், அண்டைக்கே போய்க் கூட்டிக்கொண்டு வந்திடுவன்."

கௌசி அதைத்தான் மாதாமாதம் சொன்னாள். "வாங்கோ அம்மா, என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ." வெட்டினேன். வெட்டின இடத்தில் வைக்க ஒரு சிரிப்பு வேண்டும், அந்தப் பிள்ளையோ சிரிக்கவே மாட்டேன் என்றது. செப்டெம்பரில் எனக்கு ஒரு யோசனை வந்தது பாரும், இப்போது நினைத்தாலும் புல்லரிக்கும். கமராவை ஓடவிட்டுவிட்டு, "பிள்ளை, அம்மா வந்திட்டா. கேற்றடியில நிக்கிறா" என்றேன். அடடா, அந்தச் சிரிப்பு. முகம் முழுக்கப் பல். எந்தக் கலியாணப் பொம்பிளையும் எனக்கு அப்படி ஒரு சிரிப்புத் தந்ததில்லை. முழுசாய் நாற்பது செக்கன். கேற்றடியில் யாரும் இல்லை என்று கண்ட பிறகு நடந்ததை நான் எடுக்கவில்லை.

டிசெம்பரில் அவளுடைய முன்பல் உடைந்திருந்தது. எப்படி உடைந்தது என்று நான் கேட்கவில்லை. அவள் வாயைத் திறந்த ஒரு இடத்தை மட்டும் வெட்ட மறந்துபோனேன். கசெற்றைப் பார்த்த பாலேஸ்வரி அக்கா ஜனவரி பிறந்ததும் போன் எடுத்தார். "என்ர பிள்ளையின்ர பல்லுக்கு என்ன நடந்தது? வாற சனிக்கிழமைக்கு லீவு போட்டிட்டன். வந்து கூட்டிக்கொண்டு போகப்போறன்."

அருள்நாயகம் அண்ணை பதறிப்போனார். சனிக்கிழமைக்கு முதல் புதுக் கசெற் போகவேண்டும் என்றார். கமராவோடு ஓடினேன். கௌசி பின்வளவுக் கொட்டிலில் கிடந்தாள். தப்பி ஓடப் பார்த்ததால் தனியே போட்டுப் பூட்டியிருக்கிறார்களாம். உள்ளே ஹீற்றர் இல்லை. உதடெல்லாம் நீலம், உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. அந்த முகத்தை வைத்து என்னத்தை எடுப்பது. "அங்கிள், அம்மா வந்திட்டாவோ?" என்று கேட்டாள். "வாறா, வாறா" என்றேன். வெளியே என் வான் வண்டி ஹீற்றர் போட்டபடி கதகதவென்று நின்றது. ஏறி வந்துவிட்டேன்.

செப்டெம்பர்ச் சிரிப்பில் வீட்டுக்குப் போகாத மிச்சத் துண்டை எடுத்தேன். பின்னால் நின்ற பச்சை மரம் இந்தப் பனிக்காலத்தில் காட்டிக்கொடுத்துவிடும் என்று, அதைப் பூக் கொட்டி மறைத்தேன். வெள்ளிக்கிழமை கசெற் போனது. பாலேஸ்வரி அக்கா போனில் அழுதார், சந்தோசத்தில். "பல்லுக் கட்டிவிட்டிருக்கினம், தம்பி! முந்தின பல்லு மாதிரியே இருக்கு. நான் சும்மா பயந்துபோனன். லீவை வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்." இருவரும் சேர்ந்து சிரித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை கௌசி செத்துப்போனாள்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து பாலேஸ்வரி அக்கா என் கடைக்கு வந்தார். அவளின் முகம் இருக்கிற துண்டு எதுவானாலும் தரச் சொன்னார். நான் எதையும் எறிகிறவன் இல்லை. வெட்டின எல்லாவற்றையும் வரிசையாய்ச் சேர்த்து ஒரு கசெற்றில் கொடுத்தேன். ஏழு மாதம், ஏழு "வாங்கோ அம்மா". கடைசிவரை பார்த்துவிட்டுத்தான் பொலிஸைக் கூப்பிட்டாராம்.

ஒப்புக்கொள்கிறேன், தங்கச்சி. பிழை என்னுடையதுதான், அப்படியே எழுதும். பெற்ற மனம் என்று யோசியாமல், அவசரத்தில், அந்தக் கசெற்றை மியூசிக் போடாமல் கொடுத்துவிட்டேன்.