முத்துராணி சுமந்த பை

மாலை ஆறு மணி. பாபநாசத்துக்கு மேலே, காட்டுக்குள் போகும் பழைய ஜீப் பாதை. மழைக்காலம் என்பதால் வெளிச்சம் சீக்கிரமே போய்விட்டது. கடை கிடையாது, வண்டி கிடையாது, செல்போனில் டவர் கிடையாது. பள்ளத்தில் காட்டாறு ஓடும் சத்தம் மட்டும் கூடவே வருகிறது...

இது நம் அனஸின் மாமா மகள் அர்ஷியாவுக்கு நடந்தது. பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். மலையேற்ற முகாம் என்று பள்ளியிலிருந்து பெண்பிள்ளைகளைக் கூட்டிப்போனார்கள். பள்ளிக்கூடம் ஒரு கம்பெனியிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டது. கம்பெனி பெயர் வேண்டாம், அதை இதற்குள் மாற்றியிருப்பார்கள். வழிகாட்டியாக வந்தவன் சுந்தர் என்று ஒருத்தன். பிள்ளைகளுக்குத் துணை தேவமணி டீச்சர்.

முதுகுப் பை, கூடாரம், சமையல் சட்டி எல்லாம் கம்பெனியுடையது. வேனிலிருந்து பைகளை இறக்கிக் குவித்தார்கள். கைக்கு வந்ததை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அர்ஷியாவுக்கு ஒரு நீலப் பை வந்தது. தோளில் மாட்டும் பட்டை ஒரு பக்கம் அறுந்து, புதிதாகத் தைக்கப்பட்டிருந்தது. மூடும்போது லேசாகப் பாசி வாடை... மழையில் நனைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஏறத் தொடங்குமுன் சுந்தர் எல்லோரையும் நிறுத்தி வைத்து ஒரு கதை சொன்னான். போன வருஷம் முத்துராணி என்று ஒரு பிள்ளை வந்ததாம், விக்கிரமசிங்கபுரம் மில் தொழிலாளி மகள். சரியான சேட்டைக்காரியாம். பையைக் கூடாரத்தில் போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் ஆற்றில் விளையாடப் போனாளாம். வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டதாம். பேச்சைக் கேட்காவிட்டால் இதுதான் கதி என்றான்.

ஒவ்வொரு முகாமிலும் இதைத்தான் சொல்வானாம். செத்த பிள்ளை எழுந்து வந்து மறுத்துப் பேசாது என்ற தைரியம். கேட்டால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

சரி... நடந்தார்கள். மதியம் வரை ஒன்றுமில்லை. வெயில் இறங்கியதும் அர்ஷியாவின் பை கனக்க ஆரம்பித்தது. முதலில் களைப்பு என்று நினைத்தாள். பிறகு தோள் பிய்ந்துவிடும் போலிருந்தது. கெண்டைக்காலில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். நின்று, பையைத் தொட்டுப் பார்த்தாள். துணி காய்ந்து கிடந்தது. இரண்டடி நடந்தால் மறுபடியும்... சொட்டு. சொட்டு.

பை கனக்கிறது என்று சுந்தரிடம் சொன்னாள். நடிக்காதே என்று எல்லோர் முன்னாலும் ஏசினான். பிள்ளைகள் சிரித்தார்கள். அவளுக்கு முகம் எரிந்தது.

முகாம் போடும் இடம் ஆற்றுக்கு மேலே ஒரு பாறைத்திட்டு. போய்ச் சேரும்போது நன்றாக இருட்டிவிட்டது. மேலே எங்கோ மழை பெய்திருக்க வேண்டும், ஆற்றின் சத்தம் தடித்துப்போயிருந்தது. சமையலுக்குத் தண்ணீர் இல்லை. கம்பெனிக்காரன் வேலைக்கு ஆள் வைத்தால்தானே! சுந்தர் மூடி இல்லாத ஒரு மஞ்சள் கேனை அர்ஷியாவின் கையில் திணித்தான்.

"பைய அப்புறம் எறக்கலாம் பிள்ள. மொதல்ல போய்த் தண்ணி கொண்டா."

அவளால் ஓர் அடி வைக்க முடியவில்லை. பை அவளைப் பின்னாலிருந்து இழுத்துக் கீழே உட்கார வைத்துவிட்டது. சத்தியமாக, யாரோ பிடித்து உட்கார வைத்தது போலத்தான் இருந்தது என்கிறாள். பட்டையைக் கழற்றினாள். பையின் பக்கவாட்டுப் பாக்கெட்டின் ஜிப் துருப்பிடித்து, காலையிலிருந்து திறக்காமலே இருந்தது. இப்போது அது தானாக வாய் பிளந்திருந்தது. உள்ளே ஒரு பிடி ஆற்று மணல். மணலுக்குள் ஒரு மஞ்சள் மூடி. பட்டையின் உட்புறம் டார்ச்சை அடித்தாள். துவைத்து மங்கிய பேனா எழுத்து... முத்துராணி.

அர்ஷியா பயப்படவில்லை. கோபம்தான் வந்தது. எழுந்து நின்று கேட்டாள்.

"பையப் போட்டுட்டு வெளையாடப் போனான்னு சொன்னீங்க. பைக்குள்ள ஏன் ஆத்து மண்ணு கெடக்கு? வெளையாடப் போற பிள்ள எதுக்கு அண்ணே சமையல் கேன் மூடியக் கொண்டுட்டுப் போகும்?"

தேவமணி டீச்சர் மூடியை வாங்கிக் கேனில் வைத்துத் திருகினார். கச்சிதமாகப் பொருந்தியது. அவருக்குப் புரிந்துவிட்டது. முதுகில் இருந்த பையை இறக்கக்கூட விடாமல், வெள்ளம் ஏறும் ஆற்றுக்கு ஒரு பிள்ளையை அனுப்பியிருக்கிறான். அந்தப் பாரம்தான் அவளை மூழ்கடித்திருக்கிறது. உடலிலிருந்து பையைக் கழற்றி, துவைத்து, தைத்து, அடுத்த பிள்ளையின் முதுகில் மாட்டியும் விட்டிருக்கிறார்கள். பாவிகள்.

சுந்தர் மூடியைப் பிடுங்கி ஆற்றில் எறிந்தான். அதெல்லாம் பழைய குப்பை என்று கத்தினான். பிறகு அடுப்புக் கல்லில் போய் உட்கார்ந்துகொண்டான்.

அப்போதுதான் கேட்டது... கீழே, ஆற்றங்கரையிலிருந்து. சுந்தரின் குரல்.

"எறங்கு பிள்ள. ஒண்ணும் ஆகாது. நான் இங்கனதான் நிக்கேன்."

பிள்ளைகள் எல்லோரும் திரும்பி அவனைப் பார்த்தார்கள். டீச்சர் அவன் முகத்தில் டார்ச்சை அடித்தார். அவன் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தான். வாய் மூடியிருந்தது. உதடு வெளுத்திருந்தது.

கீழே தண்ணீர் கேனுக்குள் இறங்கும் சத்தம்... களக், களக், களக். பிறகு ஒரு சின்னப் பெண்ணின் குரல். மூச்சிரைப்பு.

"அண்ணே... கேன் நெறஞ்சிட்டு. தண்ணி ஏறுது. கை குடுங்கண்ணே."

அதற்குப் பதிலாக, கூழாங்கல்லில் யாரோ விழுந்தடித்து ஓடும் சத்தம். செருப்புக் கால். மேலே, மேலே... கரையை விட்டு விலகி.

டீச்சர் பாறை விளிம்புக்கு ஓடி டார்ச் அடித்துப் பார்த்தார். வெறும் தண்ணீர். ஆனால் குரல் நிற்கவில்லை. கை குடுங்கண்ணே... கை குடுங்கண்ணே... பிள்ளைகள் அழுதார்கள். அர்ஷியா சுந்தரின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். இப்போதாவது போய்க் கை கொடு என்று கத்தினாள். அவன் எழுந்திருக்கவில்லை. இரண்டு கைகளையும் அக்குளில் சொருகிக்கொண்டு குனிந்துகொண்டான். பேயாக வந்து கெஞ்சியும் அந்தப் பிள்ளைக்கு ஒரு கை கிடைக்கவில்லை. ஒரு கட்டத்தில் குரல், தண்ணீரை விழுங்கியது போல, பாதியில் நின்றுவிட்டது.

காலையில் இறங்கியதும் டீச்சர் நேராக விக்கிரமசிங்கபுரம் போனார். முத்துராணியின் அம்மா பேச்சித்தாயிடம் எல்லாவற்றையும் சொன்னார். மகள் அடங்காதவள் என்று ஊர் சொன்னதையெல்லாம் அதுவரை தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்த பெண் அவள். "எம்பிள்ள சொன்ன பேச்சக் கேட்டுத்தான் செத்துருக்கா" என்று தெருவில் நின்று சொன்னாள். போலீசுக்கும் போனார்கள். ஆற்றில் கேட்ட குரலை எந்த ஸ்டேஷனில் சாட்சி என்று எழுதுவார்கள்? கம்பெனி இன்னும் நடக்கிறது.

சுந்தர் இப்போது டவுணில், வீட்டோடு கிடக்கிறான். அன்று இரவு அவன் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. ஆனாலும் விடியும்போது அவன் வலது கை, விரலெல்லாம் வெளுத்துச் சுருங்கி, நாள் முழுக்க ஊறியது போல இருந்தது. துடைத்தால் மறுபடி ஈரம். எந்த டாக்டராலும் காயவைக்க முடியவில்லை. முதலில் அது மணிக்கட்டோடு நின்றது. போன வாரம் பார்த்துவிட்டு வந்தவர்கள் சொல்கிறார்கள்... தோள் வரைக்கும் ஏறிவிட்டதாம்.